படத்தின் கீழ் இன்னும் ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் அரைப்பக்க அளவில் வெளியான வண்ணப்படம் ஒன்றைக் குறித்து இக்கடிதத்தை எழுதுகிறேன். மலர்ந்த பூவொன்றின் நட்டநடுவில் பச்சைப் பூச்சி ஒன்று முன்னங்கால்களைத் தூக்கி நிற்கிறது. அதன் தலையிலும் முதுகிலும் கண்ணாடிக் குண்டுகளைப் போல நீர்த்துளிகள் உருண்டு நிற்கின்றன. அடியில், 'பயிர்களை அழிக்கும் வெட்டுக்கிளி, அதிகாலைப் பனியில்' என்ற குறிப்பு. அச்சின் நேர்த்தியில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒற்றை வரியில் பூச்சியின் அடையாளமும் பிழை, பனி என்பதும் பிழை. பூச்சி தானாக வந்து அந்தப் பூவில் நின்றது என்று வாசகர் எண்ணிக்கொள்வாரே, அதுவும் பிழை என்பதே என் கணிப்பு. பதினோரு ஆண்டுகளாகத் தோட்டத்துச் செடிகளுக்கிடையே மண்டியிட்டு வெட்டுக்கிளிகளையும் அவற்றின் உறவினங்களையும், சிறியவற்றை நெருங்கிப் பெரிதாகக் காட்டும் மேக்ரோ லென்ஸில் படமெடுத்து வருபவன் நான். இவற்றையெல்லாம் ஒரு படத்தைக் கொண்டே எப்படிச் சொல்ல முடிகிறது என்பதையும், இத்தகைய படங்களை வெளியிடும்போது தாங்கள் செய்யக்கூடிய ஒரு சிறு காரியத்தையும் தெரிவிக்க விரும்புகிறேன்.

முதலில் அடையாளம். படத்திலுள்ள பூச்சியின் உணர்கொம்புகள் நூலைப் போல மெலிந்து, உடலின் நீளத்தையும் தாண்டிப் போய், படத்தின் விளிம்பில் வெட்டுப்பட்டிருக்கின்றன. கூட்டமாகப் பறந்து வந்து பயிரை அழிக்கும் வெட்டுக்கிளிகள் அத்தனையும் குட்டைக்கொம்புப் பிரிவைச் சேர்ந்தவை. அவற்றின் உணர்கொம்பு தடித்து, உடலைவிடக் குட்டையாக, பெரும்பாலும் 30-க்கும் குறைவான கணுக்களோடு இருக்கும். தங்கள் படத்தில் இருப்பது நெட்டைக்கொம்பு வெட்டுக்கிளி. இவை வேறொரு பிரிவு; உறவுமுறை பார்த்தால் அவை சுவர்க்கோழிக்குத்தான் நெருக்கம். ஆங்கிலத்தில் இவற்றைக் கேட்டிடிட் என்பார்கள். வட அமெரிக்காவில் இரவில் மரத்திலிருந்து ஒலிக்கும் ஓர் இனத்தின் குரல் அந்தச் சொல்லை யாரோ திரும்பத் திரும்பச் சொல்வதைப் போலக் காதில் விழுவதால் வந்த பெயர் அது. தமிழில் இரண்டு பிரிவையும் வெட்டுக்கிளி என்றோ தத்துக்கிளி என்றோ பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பேச்சுக்கு அது போதும். அரைப்பக்கப் படத்தின் கீழே அச்சாகும் குறிப்புக்குப் போதாது.

கொம்பை மட்டும் நம்பி இதைச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை எடுத்து, தூக்கிய முன்னங்காலின் முழங்காலுக்குச் சற்றுக் கீழே பாருங்கள்: கால் அங்கே இலேசாகப் புடைத்திருக்கும், புடைப்பில் நகக்கீறல் போன்ற ஒரு பிளவு தெரியும். அதுதான் அந்தப் பூச்சியின் காது. குட்டைக்கொம்பு வகைக்குக் காது வயிற்றின் முதல் வளையத்தில், இறக்கையின் அடியில் மறைந்திருக்கும் ஒரு சவ்வு. நெட்டைக்கொம்பு வகைக்கோ அது முன்னங்காலில் அமைந்திருக்கிறது. கொலம்பியாவின் கோர்கோனா தீவில் வாழும் ஓர் இனத்தின் காதை ஆராய்ந்தவர்கள், செவிப்பறை, நெம்புகோல் போன்ற இணைப்பு, திரவம் நிறைந்த குழல் என்று பாலூட்டிகளின் காதைப் போலவே மூன்று கட்டங்களில் அது வேலை செய்வதை 2012-இல் எடுத்துக்காட்டினார்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த உறுப்பு தங்கள் படத்தில் துல்லியமாகப் பதிந்திருந்தும், குறிப்பு எழுதியவர் கண்ணுக்கு அது படவில்லை. வயிற்றின் நுனியில் அரிவாளைப் போல மேல்நோக்கி வளைந்திருக்கும் தட்டையான உறுப்பும் அப்படித்தான். அதைப் பலர் கொடுக்கு என்று நினைத்து அஞ்சுகிறார்கள். அது பெண் பூச்சி முட்டையிடும் கருவி. இலையின் விளிம்பைப் பிளந்து உள்ளே முட்டையைச் செருகும் இனங்களும் இருக்கின்றன. குட்டைக்கொம்பு வகையின் பெண்ணிடம் இந்த அரிவாளைப் பார்க்க முடியாது. அது வயிற்றை மண்ணுக்குள் துளைத்து இறக்கி, நுரையில் பொதிந்த முட்டைகளை ஒரு கொத்தாக வைத்துவிட்டுப் போகும்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். குட்டைக்கொம்பு வெட்டுக்கிளிகள் பல்லாயிரம் இனங்கள். அவற்றுள் கூட்டம் சேர்ந்து படையெடுப்பவை ஏறத்தாழ 20 இனங்கள்தாம். தனித்து வாழும் சாதுவான வெட்டுக்கிளியும் கூட்டமாய்ப் பறக்கும் வெட்டுக்கிளியும் ஒரே இனத்தின் இரு நிலைகளாக இருக்க முடியும் என்பதை உவரோவ் என்ற பூச்சியியல் அறிஞர் 1921-இல் விளக்கினார். நெட்டைக்கொம்புப் பிரிவில் 8,000 இனங்களுக்கு மேல் அறியப்பட்டிருக்கின்றன. அவற்றுள் இலை தின்பவை ஏராளம் என்றாலும், அசுவினிகளையும் பிற பூச்சிகளின் முட்டைகளையும் தின்பவையும் உண்டு. ஞாயிறு இணைப்பைப் பார்த்த ஒரு வாசகர் திங்கட்கிழமை தன் தோட்டத்தில் அதே பச்சைப் பூச்சியைக் கண்டு மருந்து தெளித்தால், அந்தக் குறிப்புக்கும் அதில் பங்கு உண்டு.

அடுத்தது பனி. இரவெல்லாம் திறந்தவெளியில் உட்கார்ந்திருந்த பூச்சியின் மேல் இறங்கும் பனி எப்படி இருக்கும் என்பது விடியற்காலையில் ஒருமுறை குனிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். துளிகள் மிகச் சிறியவை, எண்ணற்றவை, ஏறக்குறைய ஒரே அளவானவை. மயிர்க்கால்களின் நுனியிலும், உணர்கொம்பின் கணுக்களிலும், கால் முட்களிலும் மணி கோத்தது போல வரிசையாக நிற்கும். பூச்சியின் மேல் இறங்கிய பனி அது பற்றியிருக்கும் தண்டையும் பக்கத்து இலையையும் விட்டுவைக்காது. தங்கள் படத்திலோ பூச்சியின் மேல் பெரிதும் சிறிதுமாகப் பத்துப் பன்னிரண்டு துளிகள் இருக்கின்றன, இதழ்கள் உலர்ந்து கிடக்கின்றன, உணர்கொம்பில் ஒரு துளிகூட இல்லை. தெளிப்பானில் நீரை நிரப்பி, துளி உடையாமல் உருண்டு நிற்கச் சிறிது கிளிசரினும் கலந்து அடித்தால் இப்படித்தான் வரும். நிழலும் பூச்சியின் நேர் அடியில் விழுந்திருக்கிறது. உச்சி வெயிலில் பனித்துளியோடு நிற்கும் பூச்சியை நான் இதுவரை கண்டதில்லை.

தெளிப்பானையாவது மன்னித்துவிடலாம், எனக்கு உறுத்துவது கால்கள். உயிரோடு, விழிப்போடு இருக்கும் வெட்டுக்கிளி எந்த இடத்தில் நின்றாலும் பாதத்தின் நகங்கள் எதையாவது பற்றியிருக்கும். பின்னங்கால்கள் மடிந்து, அடுத்த நொடி தாவத் தயாராக உடலோடு ஒட்டியிருக்கும். இந்தப் படத்தில் இடது நடுக்கால் இதழின் மேல் புறங்கை பட வைத்தது போலக் கவிழ்ந்து கிடக்கிறது; பின்னங்காலொன்று பாதி நீண்டு தொங்குகிறது. குளிர்சாதனப் பெட்டியில் சில நிமிடங்கள் வைத்து மரக்கச் செய்த பூச்சியை வெளியே எடுத்து, குச்சியால் நகர்த்தி நகர்த்தி நிறுத்திவைக்கும்போது கால்கள் இப்படி விழும். வெட்டுக்கிளி தன் உடற்சூட்டைத் தானே பேணிக்கொள்ளும் உயிர் அல்ல. சுற்றுப்புறம் குளிர்ந்தால் அதன் தசைகளும் செயலற்றுப் போகின்றன. விறைத்து நிற்பதற்கு அமைதி என்று பெயரில்லை. படமெடுத்தவர் யாரென்று நான் அறியேன், அறியவும் வேண்டாம். அவர் இதைத் தவறென்று நினைத்திருக்கவும் மாட்டார். ஏனெனில் இந்த உத்தியைச் சங்கடமே இல்லாமல் கற்றுத்தருபவர்கள் இருக்கிறார்கள். பெட்டிக்குள் போன பூச்சி உயிரோடுதானே திரும்புகிறது என்பது அவர்களின் வாதம். படத்தில் நாம் பார்ப்பது வெட்டுக்கிளியின் நடத்தையையா, அதை நிறுத்திவைத்தவரின் ஆசையையா என்ற கேள்விக்கு அந்த வாதம் பதில் தருவதில்லை.

பெட்டி இல்லாமல் இதைச் செய்ய முடியாது என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. விடியற்காலை தரும் குளிரே போதும். சூரியன் எழுந்து அரை மணி வரை பூச்சிகள் தாமாகவே மந்தமாக இருக்கும். அதன்பின் அவை உடலின் பக்கவாட்டை வெயிலுக்குக் காட்டிச் சூடேற்றிக்கொள்ள வெளியே வரும்போதும் சிறிது நேரம் கிடைக்கும். உடல் சூடேறிய பின் குட்டைக்கொம்பு வகையை நெருங்குவது தனிக் கலை. நம் நிழல் அதன்மேல் விழுந்தால் போயிற்று. காலை ஓங்கி வைத்தால் மண்ணின் அதிர்வைத் தன் கால்களாலேயே அது உணர்ந்துவிடும். நிமிர்ந்து நடக்காமல் தாழ்ந்து, நேரே போகாமல் சற்றுக் கோணலாக, நின்று நின்று நகர வேண்டும். தண்டில் உட்கார்ந்திருக்கும் வெட்டுக்கிளி நம்மைக் கண்டதும் பறப்பதற்கு முன் மெல்ல நகர்ந்து தண்டின் மறுபக்கம் ஒளிந்துகொள்ளும்; நாம் சுற்றினால் அதுவும் சுற்றும். இந்தக் கண்ணாமூச்சியில் துரத்திப் பயனில்லை. கேமராவை ஒரு கையில் நிலைநிறுத்தி, மறுகையை மெதுவாகத் தண்டின் அந்தப் பக்கம் நீட்டினால், அது கைக்கு ஒளிந்து லென்ஸின் பக்கம் வந்துவிடும். தொடாமலே திரும்பச் செய்வது இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து.

நெட்டைக்கொம்பு வகை இதற்கு நேர்மாறு. பெரும்பாலும் இரவில் நடமாடும் இவை பகலில் இலையின் மேல் அல்லது அடியில், நடுநரம்போடு உடலை ஒட்டவைத்து, உணர்கொம்புகளையும் முன்னங்கால்களையும் நேரே முன்னால் நீட்டி, தானும் ஓர் இலையாகக் கிடக்கும். அருகில் போனாலும் அசையாது, கண்டுபிடிப்பதுதான் கடினம். ஒரே செடியை நாற்பது நிமிடம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று எழுந்தபோது, என் மூக்கிலிருந்து ஒரு சாண் தொலைவில் இருந்த இலைக்குக் கண் இருப்பதை உணர்ந்த நாள் உண்டு. இரவில் கைவிளக்கோடு தேடுவது எளிது. பாட்டைக் கேட்டுத் தேடுபவர்களும் உண்டு. ஆனால் பல இனங்களின் பாட்டு மனிதக் காதுக்கு எட்டாத உயர் அலைவரிசையில் இருப்பதால், எதுவும் பாடவில்லை என்று நாம் நினைக்கும் செடியில் கச்சேரியே நடந்துகொண்டிருக்கலாம். இடது முன்னிறக்கையின் அடியிலுள்ள அரம் போன்ற நரம்பு வலது இறக்கையின் விளிம்பில் உரசி எழும் ஒலி அது. குட்டைக்கொம்பு வகைகளில் பல, பின்தொடையை இறக்கையில் உரசிப் பாடுகின்றன. பாடும்போது எடுத்த ஒரு படத்தைக் காட்டினாலே எந்தப் பிரிவு என்று சொல்லிவிடலாம். மரத்துப்போன பூச்சியிடம் அந்த வாய்ப்பு இல்லை.

ஒரு படத்தில் எவ்வளவு விளையாட்டு நடந்திருக்கக்கூடும் என்பதை வாசகர் ஊகிக்க வேண்டுமானால் இந்த வகைப் படத்தின் இடர்ப்பாட்டையும் அவர் சிறிது அறிந்திருக்க வேண்டும். பூச்சியின் பிம்பம், கேமராவுக்குள் ஒளியைப் பதிக்கும் தகடான சென்சாரின் மேல், பூச்சியின் உண்மையான அளவிலேயே விழுவதைத்தான் 1:1 உருப்பெருக்கம் என்கிறோம். 36 மி.மீ. அகலமுள்ள சென்சாரில் அப்போது 36 மி.மீ. அகலமான உலகமே தெரியும். லென்ஸுக்குள் ஒளி புகும் துளையை எஃப்/8 அளவில் வைத்தால் கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ 1 மி.மீ.; துளையை எஃப்/16 வரை சுருக்கினாலும் 2 மி.மீ.க்குள்தான். அதற்கு மேல் சுருக்கினால் ஒளி சிதறிப் படம் முழுவதும் மழுங்கத் தொடங்கும். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் உணர்கொம்பின் அடி மங்கும். பூச்சி மூச்சு விட வயிறு ஒருமுறை சுருங்கி விரிந்தாலே கணக்கு தவறிவிடும். ஆகவேதான் பலரும் கேமராவைப் பூச்சியின் உடலுக்கு இணையாகப் பிடித்துப் பக்கவாட்டில் எடுக்கிறோம். ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல் நம் உடலையே முன்னும் பின்னும் ஊசலாட்டி, கண் கூர்மையாகும் கணத்தில் அமுக்குகிறோம். 60 மி.மீ. மேக்ரோ லென்ஸென்றால் அதன் முகப்புக்கும் பூச்சிக்கும் 10 செ.மீ. இடைவெளிகூட இருக்காது, 100 மி.மீ. லென்ஸில் 13 முதல் 15 செ.மீ. வரை கிடைக்கும். அந்தச் சில செ.மீ.தான் பறந்துபோகும் பூச்சிக்கும் இருந்துகொடுக்கும் பூச்சிக்கும் உள்ள வேறுபாடு. ஃபிளாஷை நேரடியாக அடித்தால் மெழுகு பூசியது போன்ற இறக்கையில் வெள்ளைத் திட்டு விழும். மெல்லிய வெள்ளைத்தாளில் ஒரு கூடு செய்து ஒளியை அதன் வழியே விடுவது போதுமானது.

தலை முதல் வால் வரை கூர்மையாக வேண்டுமென்றால், ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்களை எடுத்துக் கணினியில் ஒன்றாக அடுக்க வேண்டும். பூச்சி அசையக்கூடாது என்பது இதன் நிபந்தனை. பெட்டியில் வைத்து மரக்கடிக்கும் பழக்கத்துக்கு முதற்காரணம் இந்த அடுக்குமுறைதான் என்பது என் எண்ணம். நான் அடுக்குமுறைக்கு எதிரியல்ல, நானும் அடுக்குகிறேன்; அதனாலேயே ஒருமுறை நன்றாக ஏமாந்தேன். ஒரு விடியற்காலையில் உயரமான புல்தண்டின் உச்சியில் குட்டைக்கொம்பு வெட்டுக்கிளி ஒன்று தலை மேலாக, முன்னங்கால்களாலும் நடுக்கால்களாலும் தண்டை ஆரத் தழுவியபடி இருந்தது. முக்காலி வைத்தேன், வெள்ளைத்தாள் பிடித்தேன், 46 படங்கள் எடுத்தேன். அது ஓர் இம்மிகூட நகரவில்லை. இத்தனை ஒத்துழைத்த பூச்சியை அதுவரை நான் கண்டதில்லை. வீட்டுக்கு வந்து அடுக்கிப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் வயிற்றின் வளையங்களுக்கிடையே வெளிறிய பூசணம் தெரிந்தது. அது இறந்து வெகுநேரம் ஆகியிருந்தது. வெட்டுக்கிளிகளைத் தாக்கும் ஒருவகைப் பூஞ்சை, இரையைக் கொல்லும் முன் அதைச் செடியின் உச்சிக்கு ஏறச் செய்து, தண்டைப் பற்றிய நிலையிலேயே சாகவைக்கிறது. வித்துகள் காற்றில் பரவ உச்சி வசதி. 'விடியலைத் தழுவும் வெட்டுக்கிளி' என்று அந்தப் படத்துக்கு நான் மனத்துக்குள் பெயர்கூட வைத்திருந்தேன்.

அது சிரித்துவிட்டுப் போகக்கூடிய பிழை. இன்னொன்று அப்படியல்ல, அதைச் சொல்லாமல் பிறர் படத்தைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. நெட்டைக்கொம்பு வெட்டுக்கிளியின் இளம்பூச்சி ஒன்று இறுதித் தோலுரிப்புக்காக இலையின் அடியில் தலைகீழாகத் தொங்கியதைக் கண்டேன். இளம்பூச்சி என்பதை முதுகிலுள்ள இறக்கை மொட்டுகளைக் கொண்டு அறியலாம். நல்ல வெளிச்சம் வேண்டுமென்று அந்தக் கிளையை ஒடித்து உள்ளே எடுத்துவந்து ஒரு குப்பியில் செருகி வைத்தேன். முதுகுத்தோல் நெடுக வெடித்தது. வெளிறிய பச்சையில் புது உடல் பிதுங்கி வந்தது. தலை, பிறகு கால்கள். உடலைவிட நீளமான உணர்கொம்பைப் பழைய உறையிலிருந்து அறுந்துவிடாமல் அது சிறிது சிறிதாக உருவியெடுத்த காட்சியை நான் மறக்க முடியாது. இறக்கைகள் ஈரத்துணியைப் போலச் சுருண்டு கிடக்க, உடற்திரவத்தை அவற்றுக்குள் செலுத்தி விரிக்கத் தொடங்கிய நேரத்தில், பாரம் தாங்காமல் கிளை குப்பிக்குள் சுழன்று சாய்ந்தது. பூச்சி மேசைமேல் விழுந்தது. எடுத்து மறுபடி தொங்கவிட முயன்றேன். அதற்குள் இறக்கைகள் கசங்கியபடியே இறுகிவிட்டன. முழுவளர்ச்சி அடைந்த பூச்சி மறுபடி தோலுரிப்பதில்லை என்பதால் கசங்கியது கசங்கியதுதான். வழக்கமாகத் தன் பழைய தோலைத் தானே தின்றுவிடும் பூச்சி, அன்று அதைத் தேடிக்கூடப் போகவில்லை. விழுவதற்கு முன் எடுத்த படங்கள் மிக அழகானவை. அவற்றை நான் இதுவரை எங்கும் அனுப்பவில்லை.

எடுத்தபின் நடப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெட்டுக்கிளியின் இறக்கை அடியில் சில நேரம் செக்கச்செவேலென்று சிறு மணிகள் ஒட்டியிருக்கும்; அவை அதன் உடற்திரவத்தை உறிஞ்சி வாழும் உண்ணிகளின் இளம்பருவம். நெட்டைக்கொம்பு வகையின் பெண், இணைசேர்ந்த பின், வயிற்று நுனியில் பசை போன்ற வெள்ளைத் திரளொன்றைச் சுமந்து நிற்கும். அது ஆண் தந்த ஊட்டப்பொதி, சில இனங்களில் ஆணின் எடையில் கால் பங்குக்கும் மேல். பெண் அதை வளைந்து தின்னும். இந்த இரண்டையும் அழுக்கென்றும் நோயென்றும் எண்ணிக் கணினியில் துடைத்தெறிந்த படங்களை நான் போட்டிகளில் பார்த்திருக்கிறேன், பரிசும் வாங்கியிருக்கின்றன. கண்ணிலுள்ள கரும்புள்ளியை மட்டும் யாரும் துடைப்பதில்லை. பூச்சி கேமராவைப் பார்க்கிறது என்று குறிப்பெழுத அது உதவுகிறது. அது கண்மணி அன்று. கூட்டுக்கண்ணின் ஆயிரக்கணக்கான சிறுகண்களில் நம்மை நேர்நோக்கி இருப்பவை ஒளியைத் திருப்பி அனுப்பாமல் விழுங்கிக்கொள்வதால் தோன்றும் புள்ளி. நாம் எங்கே நகர்ந்தாலும் அதுவும் நம்மோடு வரும்.

இவற்றையெல்லாம் தடைசெய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. இலையொன்றைக் கையால் விலக்கி எடுப்பதற்கும், மறைவில் ஒரு தாளைப் பிடிப்பதற்கும், பூச்சியைப் பெட்டியில் அடைத்து மரக்கடிப்பதற்கும் இடையே கோடு எங்கே விழுகிறது என்பதில் அனுபவமுள்ளவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆய்வகத்தில் இறந்த மாதிரியை ஊசியில் நிறுத்தி நூற்றுக்கணக்கான படங்களை அடுக்கி எடுக்கும் வேலை முற்றிலும் நேர்மையானது, ஏனெனில் மாதிரி என்று சொல்லிவிட்டே அதைக் காட்டுகிறார்கள். நான் கேட்பதும் அந்தச் சொல்லைத்தான். பூச்சிப்படம் எதை வெளியிட்டாலும், எடுத்தவரிடம் நான்கு கேள்விகள் கேட்டு, விடையைப் படத்தின் கீழ் ஒரு வரியாக அச்சிடுங்கள்: பூச்சி இருந்த இடத்திலேயே எடுக்கப்பட்டதா, அதைத் தொட்டோ குளிரூட்டியோ நகர்த்தியோ எடுத்தீர்களா, நீர்த்துளி எங்கிருந்து வந்தது, படத்தில் எதையாவது சேர்த்தோ நீக்கியோ இருக்கிறீர்களா. கூடவே, இனத்தின் பெயர் உறுதியாகத் தெரியாதபோது 'நெட்டைக்கொம்பு வெட்டுக்கிளி, பெண்' என்ற அளவில் நிறுத்திக்கொள்வதில் எந்தக் குறைவும் இல்லை. தவறான இனப்பெயரைவிட அது நூறு மடங்கு பயனுள்ளது.

இடமில்லை என்று தங்கள் பக்க வடிவமைப்பாளர் சொல்லக்கூடும். அந்த வரி எவ்வளவு நீளம் இருக்கும் என்று காட்டுவதற்காக, நேற்று எடுத்த படம் ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். வெளியிடத்தான் வேண்டும் என்பதில்லை. வெளியிட்டால் கீழ்க்கண்ட குறிப்போடு வெளியிட வேண்டுகிறேன்:

'நெட்டைக்கொம்பு வெட்டுக்கிளி, இளம்பூச்சி. காலை 6.20, இருந்த இலையிலேயே எடுத்தது, தொடவில்லை. 9 படங்களின் அடுக்கு. துளிகள் இரவுப் பனி. வலது பின்னங்கால் நான் காணும் முன்பே இல்லை. பின்னணியில் மங்கலாகத் தெரியும் நீலம் படமெடுத்தவரின் சட்டைக்கை.'

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்